சந்தை விரதம்

வெள்ளிக்கிழமை தோறும் நான் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதம் இருப்பதாக ஏழு வருடம் எல்லாரும் நம்பினார்கள். என் வீட்டுக்காரர் நம்பினார். சந்தைக்கோயில் பூசாரி நம்பினார். அம்மன் மட்டும் நம்பியிருக்க மாட்டாள். நான் தண்ணீர் குடிக்காமல் இருந்தது அவளுக்காக இல்லை, ஒதுங்க இடம் இல்லாததால்தான் என்பது அவளுக்குத் தெரியாதா?

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அந்த வேலைக்கு 'ஒதுங்குவது' என்ற ஒரு வார்த்தைதான் உண்டு. அதையும் பெண்களுக்குள்ளேதான் சொல்லிக்கொள்வோம். ஆண்கள் பத்துப் பேர் நடுவில் "ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். நாங்கள் "இந்தா வாரேன்" என்போம். எங்கே என்று யாரும் கேட்கக் கூடாது, நாங்களும் சொல்லக் கூடாது. அப்படித்தான் வளர்ந்தோம்.

கடலாடிக்குத் தெற்கே எங்கள் ஊர். வானம் பார்த்த பூமி. மிளகாய் போடுவோம், குண்டு மிளகாய். நல்ல வற்றலை மூட்டை கட்டி மண்டிக்கு அனுப்பிவிட்டு, மீந்ததை வெள்ளிக்கிழமைச் சந்தையில் நான் உட்கார்ந்து சில்லறைக்கு விற்பேன். சந்தை ஊருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். அந்த ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இன்றைக்கு அவர்கள் நல்லபடியாக நடந்துகொள்கிறார்கள், பழைய கதைக்காகப் பெயரைக் கெடுப்பானேன்.

சந்தைக்குள் நுழைந்ததும் இடது கைப்பக்கம் ஆண்களுக்கு ஒரு மறைப்பு இருந்தது. வரிசையாக ஆறு பேர் நிற்கலாம். சுவரில் நீலத்தில் 'ஆண்கள்' என்று எழுதி, படிக்கத் தெரியாதவர்களுக்காக மீசை வைத்த முகம் ஒன்றும் வரைந்திருந்தார்கள். பெண்கள் என்று எழுதிய சுவர் அந்தச் சந்தையில் எங்கும் இல்லை. விற்கிறவர்களிலேயே பெண்கள் நாற்பது ஐம்பது பேர் இருப்போம். வாங்க வருகிறவர்களைக் கேட்கவே வேண்டாம்.

முதலில் எங்களுக்குக் கருவைக்காடு இருந்தது. சந்தைக்குப் பின்னால் கண்மாய்க் கரை முழுக்க வேலிக்கருவை மண்டிக் கிடக்கும். இரண்டு பேராகப் போவோம். ஒருத்தி உள்ளே போவாள், ஒருத்தி வெளியே நின்று இருமுவாள். முள் குத்தும், பாம்பு கிடக்கும், பன்றி வரும். இருந்தாலும் மறைவு மறைவுதான். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நானும் கொத்தமல்லி விற்கிற அக்காவும் போனோம். கரை மொட்டையாக இருந்தது. கரிமூட்டம் போடக் கருவையை ஏலம் எடுத்தவர்கள் அடியோடு வெட்டியிருந்தார்கள். அங்கங்கே கரி புகைந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர், இந்தப் பக்கம் கரி அள்ளுகிறவர்கள். நாங்கள் இரண்டு பேரும் வந்த வழியே திரும்பினோம்.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்ததை நான் மறக்கமாட்டேன். ரோட்டில் இருந்த ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு தடவை மாரியாத்தாளைக் கூப்பிட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து வியாழக்கிழமை பொழுது சாய்ந்தால் தண்ணீர்ச் செம்பைத் தொடுவதில்லை என்று ஆனது. மிளகாய் வற்றலுக்கு நடுவில், வெயிலில், அந்த நெடியில், தொண்டையை நனைக்காமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இருமல் வரும். இருமினால் இன்னொரு பயம் வரும்.

விரதம் என்ற பெயர் டீக்கடையில் கிடைத்தது. என் வீட்டுக்காரர் மூட்டை இறக்க அன்று கூட வந்திருந்தார். எனக்கும் சேர்த்து ஒரு டீ சொன்னார். வேண்டாம் என்றேன். தண்ணீர் கொடுத்தார். அதையும் வேண்டாம் என்றேன்.

"என்னத்தா, டீயும் வேணாங்கிற, தண்ணியும் வேணாங்கிற. வெள்ளிக்கெழம வெரதமா?" என்றார் டீக்கடைக்காரர்.

கடையில் ஏழெட்டு ஆண்கள் பெஞ்சில் இருந்தார்கள். உண்மையை எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன். அவ்வளவுதான், வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் சாமி பெயரால் தலையை ஆட்டிவிட்டேன்.

"எங்கிட்டக்கூடச் சொல்லலையே நீ" என்றார் வீட்டுக்காரர். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவரும் கறி, மீன் தொடுவதை விட்டுவிட்டார். "வீட்டுல பொம்பள தண்ணிகூடக் குடிக்காம கெடக்குறா, எனக்குக் கறி ஒரு கேடா?" என்று ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். நான் உண்மையைச் சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் அந்தப் பெருமை என் வாயை அடைத்தது.

சந்தையில் எனக்குப் பக்கத்து இடம் கருவாடு விற்கும் ஒரு விதவைப் பெண்மணிக்கு. பெரியபட்டினம் பக்கம். எங்களுக்கு மூத்தவர், அதனால் முஸ்லிம்கள் அக்காவைக் கூப்பிடும் வழக்கப்படி லாத்தா என்றே எல்லாரும் கூப்பிடுவோம். என் மிளகாய் நெடிக்கும் அவர் கருவாட்டு வாடைக்கும் பயந்து வேறு யாரும் எங்கள் பக்கம் கடை போடுவதில்லை. வாய் ஓயாமல் பேசுவார். அவரும் வெள்ளிக்கிழமை தண்ணீர் குடிப்பதில்லை. கேட்டால் "நோம்பு" என்பார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு வருடம் பெருநாள் முடிந்து இரண்டு மாதம் போன பிறகும் அதையே சொன்னார்.

"லாத்தா, பெருநாள்தான் கழிஞ்சு போச்சே. இன்னமுமா நோம்பு?" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ யாருக்கு வெரதம் இருக்க?"

"மாரியாத்தாளுக்கு."

"பொய் சொல்லாத தங்கச்சி. சாமிக்கு இருக்கிறவ மூஞ்சி இப்பிடியா சுண்டிப்போகும்? மதியத்துக்கு மேல நீ கால மாத்தி மாத்திப் போட்டு ஒக்காருற. நானும் அப்பிடித்தான் ஒக்காருறேன். எனக்குத் தெரியாதா?"

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "எங்கள்ல நோம்புன்னா மொதல்ல நிய்யத்து வைக்கணும். அல்லாவுக்காகப் பிடிக்கிறேன்னு மனசுல எண்ணி வைக்கணும். அது இல்லாமக் கெடந்தா நோம்பில்ல, வெறும் பட்டினி. நம்ம ரெண்டு பேரும் ஆண்டவனுக்குப் பட்டினிய நோம்புன்னு எழுதிக் குடுத்துக்கிட்டு இருக்கோம்."

"பாவம்தானே லாத்தா?"

"பாவமா இல்லையான்னு அவன் பாத்துக்கிருவான். நோம்பு தெறக்கப் பள்ளிவாசல்ல பாங்கு சொல்லுவாக. இந்தச் சந்தை நோம்பத் தெறக்க எவன் வந்து பாங்கு சொல்லப் போறான், அதச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்க வைக்காத லாத்தா, தாங்காது" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கும் அதே கதிதான். இரண்டு பேரும் சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் மூட்டைமேல் சாய்ந்து கிடந்தோம். அன்றிலிருந்து எங்களுக்குள் அதற்குச் சந்தை விரதம் என்று பெயர்.

ஏழாம் வருடம் எனக்கு நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலும் குளிரும் சேர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போனார். பார்த்தது ஒரு டாக்டரம்மா. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் இவர் முந்திக்கொண்டு, "வெள்ளிக்கெழம மட்டும் வெரதங்கம்மா. சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டா" என்றார். அப்போதும் பெருமையாகத்தான் சொன்னார்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்தச் சாமிங்க தண்ணி குடிக்காம சாகச் சொன்னுச்சு?" என்றார்.

என்னை என்ன திட்டியிருந்தாலும் பொறுத்திருப்பேன். பழி என் ஆத்தாமேல் விழுந்தது. பத்து வயதிலிருந்து நான் விளக்குப் போட்டுக் கும்பிடுகிறவள் அவள். நான் சொன்ன பொய்க்கு அவள் பேச்சு வாங்கினாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே மனதுக்குள் கும்பிட்டு, இதை எப்படியாவது என் வாயாலேயே தீர்க்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

பங்குனியில் சந்தைக்கோயிலுக்குப் பொங்கல் வைப்பார்கள். வேப்பமரத்தடியில் சின்னக் கோயில். சந்தைப் பெண்கள் முளைப்பாரி எடுப்போம். முளைப்பாரிக்கு எட்டு நாள் முன்னால் ஓட்டில் வைக்கோலும் எருவும் பரப்பி, ஊறவைத்த நவதானியத்தைத் தூவ வேண்டும். அந்தத் தானியத்தை முத்து என்போம். முதல் முத்தைப் போடுகிறவள் விரதக்காரியாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். நன்றாக முளைத்தால் அந்த வருடம் மழை. முளைக்காவிட்டால் போட்டவள் கை சரியில்லை என்பார்கள்.

அந்த வருடம் சந்தைக் குத்தகைக்காரர் எல்லார் முன்னாலும், "ஏழு வருசமா வெள்ளி தவறாம தண்ணி தொடாத மகராசி நம்ம சந்தையிலேயே இருக்கும்போது வேற யாரைத் தேடணும்? மொத முத்து மொளகாக்கார அம்மாதான்" என்று சொல்லிவிட்டார்.

முத்துப் போடும் அன்று, நாற்காலி போட்டு அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவியை உட்கார வைத்திருந்தார்கள். தலைவர் பதவியில் பெண்களுக்கும் இடம் ஒதுக்கிச் சட்டம் வந்த பிறகு அந்த ஊருக்கு வந்த முதல் பெண். ஆனால் ஊரில் 'தலைவர்' என்றால் அவர் கணவரைத்தான் சொல்வார்கள், இந்த அம்மாவைத் 'தலைவரம்மா' என்பார்கள். யார் என்ன கேட்டாலும் கணவர்தான் பதில் சொல்வார். அந்த அம்மா பேசி நாங்கள் கேட்டதே இல்லை. என் வீட்டுக்காரர் புது வேட்டி கட்டி முன்வரிசையில் நின்றார்.

பூசாரி தாம்பாளத்தை நீட்டினார். நான் முத்தைக் கையில் அள்ளினேன். ஈரமாக, குளிர்ந்து, கனமாக இருந்தது. எதிரே ஆத்தா. கை நகரவில்லை.

"போடுத்தா" என்றார் பூசாரி.

முத்தைத் தாம்பாளத்திலேயே திரும்பப் போட்டேன். "ஐயா, நான் வெரதம் இல்ல."

குத்தகைக்காரர் பதறிப்போனார். "ஏன்த்தா, இன்னைக்கு ஏதாச்சும் சாப்பிட்டியா?"

"இல்லங்கய்யா."

"தண்ணி குடிச்சியா?"

"இல்ல."

"அப்ப அதுக்குப் பேருதான் வெரதம்!" என்றார். கூட்டம் சிரித்தது.

"இல்லங்கய்யா. சாமிக்காக இல்ல." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "தண்ணி குடிச்சா ஒதுங்கணும். இந்தச் சந்தையில ஆம்பளைக்கு எடம் இருக்கு, எங்களுக்கு இல்ல. கருவக்காட்டையும் வெட்டிட்டாக. அதான் குடிக்கிறதில்ல. ஏழு வருசமா அதான். ஆத்தாமேல பழி போட்டுட்டேன், அவகிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் சொல்றேன்."

சிரிப்பு அப்படியே நின்றது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். டீக்கடைக்காரர் வாயில் கைவைத்தார். இளவட்டம் ஒருவன் பின்னால் இருந்து 'க்கும்' என்று கனைத்தான். அந்த ஒரு கனைப்பில் நான் செத்துப்போயிருப்பேன். அதற்குள் கருவாட்டுக் கடையில் இருந்தபடியே லாத்தா சத்தம் போட்டார்.

"எனக்கும் அதே வெரதந்தான்! நோம்பு நோம்புன்னு உங்க எல்லாரையும் ஏமாத்துனேன்!"

கொத்தமல்லிக்கார அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார். "வயித்து வலின்னு மத்தியானமே கடையக் கட்டிட்டுப் போறேனே, அது ஏன்னு நெனச்சீக?"

"எம்மக பெரியவளானதுல இருந்து அவளச் சந்தைக்கே கூட்டியாரதில்ல" என்றாள் பானை விற்பவள். அதற்குப் பிறகு யார் பேசினார்கள் என்று தெரியவில்லை. எல்லாரும் பேசினார்கள். ஏழு வருடம் வாயை மூடியிருந்தவர்கள் இத்தனை பேரா என்று நான் மலைத்துப் போனேன்.

குத்தகைக்காரர் கையை உயர்த்தினார். "இரிங்கத்தா, இரிங்க. இத்தன வருசத்துல ஒருத்தி வந்து கேக்கலையே? நீங்க கேக்கல, அதனால தேவையில்லைன்னு நாங்க நெனச்சோம்."

"ஆம்பளைக யாரு வந்து கேட்டாக மொதலாளி?" என்றாள் பானைக்காரி. "மனு எழுதிக் குடுத்தாகளா? இல்ல, அந்த மீசக்காரச் சொவரு தானா எந்திரிச்சு நின்னுச்சா?"

இப்போது சிரித்தது பெண்கள்.

தலைவரம்மாவின் கணவர் எழுந்தார். "நல்ல காரியத்துல இந்தப் பேச்செல்லாம் எதுக்கு? பின்னாடி பாத்துக்கலாம். பூசாரி, ஆக வேண்டியதப் பாருங்க."

அப்போதுதான் அந்த அம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கணவரைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"இப்பயே பேசிரலாங்க. வெளியூருக்கு மீட்டிங் போற அன்னைக்கு நீங்க காப்பி குடி, காப்பி குடின்னு சொல்லுவீக. நான் வெரதம்பேன். நானும் இவுக மாதிரித்தான். நம்ம பஞ்சாயத்து ஆபீசுலயே எனக்கு எடமில்ல. தலைவரு நாற்காலி இருக்கு, ஒதுங்க எடமில்ல."

கணவர் மெதுவாக உட்கார்ந்தார். அவர் உட்கார, அந்த அம்மா நிற்க, அதை அந்த ஊர் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தது.

"சந்தையில பொம்பளைக்குக் கக்கூஸ் கட்டுறதுக்கு அடுத்த கூட்டத்துல நானே தீர்மானம் வைக்கிறேன்" என்றார். கக்கூஸ் என்ற வார்த்தையை வேப்பமரத்தடியில் ஒரு பெண் பலத்துச் சொல்லி நான் கேட்டதும் அன்றைக்குத்தான்.

பூசாரிக்குத்தான் பாவம், ஒன்றும் ஓடவில்லை. "எல்லாஞ் சரித்தா, முத்து ஊறி ரொம்ப நேரமாச்சு. விரதக்காரிக யாரும் இல்லைன்னா நான் என்ன பண்ணட்டும்? யாராச்சும் போட்டு விடுங்க, புளிச்சுப் போகும்" என்றார். தனியாகப் போட ஒருத்தியும் முன்வரவில்லை. கடைசியில் எத்தனை கை தாம்பாளத்துக்குள் நுழையுமோ அத்தனை கையும் நுழைந்தது. குலவை போட்டோம். அந்த வருட முளைப்பாரி ஒரு முழம் வளர்ந்தது என்று சொன்னால் பெருமைக்குச் சொல்கிறேன் என்பீர்கள். வளர்ந்தது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் வீட்டுக்காரர் பாதி வழி வரைக்கும் புது வேட்டியின் மடிப்பை நீவிக்கொண்டே வந்தார். நான் எதற்கும் தயாராக இருந்தேன். கடைசியில், "ஏழு வருசமா வெள்ளிக்கெழம கறி திங்காமக் கெடந்தேனே" என்றார்.

"உங்களுக்குப் புண்ணியந்தான். நீங்க நெசமாத்தானே இருந்தீக" என்றேன்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல."

"அந்தப் பேச்சு வந்த எடம் டீக்கடை."

இறங்கும்போது மூட்டையை அவரே தூக்கிக்கொண்டார்.

தீர்மானம் வைத்தார்கள், நிறைவேறியது. ஆனால் அதோடு வேலை முடியவில்லை. அளவெடுக்க வந்த ஓவர்சியர் காகிதத்தை விரித்துக் காட்டினார். இரண்டு அறை.

"ஆம்பளைக்கு ஆறு இருக்கே சார்" என்றார் தலைவரம்மா. அந்த அம்மா இப்போது தானே பேசினார்.

"அதே அளவு எடந்தாம்மா உங்களுக்கும் ஒதுக்கியிருக்கு. சமம்னா சமம். அவுக நிக்கிறாக, ஆறு வருது. உங்களுக்குக் கதவு வேணும், சொவரு வேணும், ரெண்டுதான் வரும்."

"அப்ப அது எப்பிடி சார் சமமாகும்?" என்று நான் கேட்டேன். "சேலைய ஒதுக்கணும், இடுப்புப் பிள்ளைய யாருகிட்டயாச்சும் குடுக்கணும், மாசத்துல மூணு நாளு இருக்கு. எங்களுக்கு ஒரு ஆளுக்கு ஆகிற நேரத்துல ஆம்பளைக மூணு பேரு போயிட்டு வந்து வெத்தலையும் போட்டுருவாகளே."

அவர் சிரித்தாரே தவிர, காகிதத்தை மாற்றவில்லை. "எத்தனை பேரு வரப்போறீங்க? அதெல்லாம் போதும்மா" என்றார்.

எத்தனை பேர் என்று அவருக்குக் காட்டுவது எப்படி? ஒதுங்க வேண்டியவர்கள் எல்லாம் வந்து வரிசையில் நில்லுங்கள் என்றால் எந்தப் பெண் நிற்பாள்? யோசனை சொன்னது பானைக்காரி. எங்கள் சீமையில் தண்ணீர் லாரி வருவதற்குள் குழாயடியில் ஆள் நிற்பதில்லை, குடம்தான் வரிசையில் நிற்கும். யார் குடம் எது என்று எல்லாருக்கும் தெரியும். "கொடத்துக்குப் பதிலா சும்மாட்ட வைப்போம்" என்றாள். சுமை தூக்கத் தலையில் வைக்கும் துணிச் சுருள்தான் சும்மாடு. சந்தைக்கு வருகிற ஒவ்வொருத்தியிடமும் ஒன்று இருக்கும், ஒன்று போல் இன்னொன்று இருக்காது.

ஓவர்சியர் மறுபடி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. உச்சி வெயில் நேரம். "இப்ப, இந்த நிமிசம், போகணும்னு இருக்கிறவ மட்டும் வைக்கணும். சும்மா கூட்டத்துக்கு வைக்கக் கூடாது" என்று நான் முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பொய்யில் பட்டதெல்லாம் போதும். சுவர் எழுப்பப்போகிற இடத்தில் தொடங்கி ஒவ்வொருத்தியாக வந்து சும்மாட்டை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் கடைக்குத் திரும்பினாள். சிவப்பு, பச்சை, பழைய வேட்டிக் கிழிசல், வாங்க வந்தவர்களின் கட்டைப்பை. வரிசை புளிக்கடையைத் தாண்டி ஆட்டுச் சந்தை வரைக்கும் போனது.

ஓவர்சியர் அதன் ஓரமாகவே நடந்தார். எண்ணிக்கொண்டு போனவர் பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டார்.

"கடைசியில மீன் வாடை அடிக்குதே, அந்தச் சும்மாடு என்னோடது சார்" என்றார் லாத்தா. "ரெண்டு அறைன்னா என் மொறை எப்ப வரும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அவர் வாய்க்குள் கணக்குப் போட்டார். "பொழுது சாஞ்சிரும்."

"பொழுது சாஞ்சா எங்க ஊரு பஸ் போயிருமே சார்."

அங்கேயே ஒரு மூட்டைமேல் காகிதத்தை வைத்து, இடத்தை நீட்டிக் கோடு கிழித்தார். இரண்டு அறை ஐந்தானது. ஆறாவது வர வேண்டிய இடத்தில் தண்ணீர்த்தொட்டி.

அடுத்த சண்டை கதவுக்கு. கொத்தனார் வாசலை டீக்கடையைப் பார்த்துக் கயிறு பிடித்திருந்தார். கட்டி முடித்திருந்தால் அத்தனையும் வீண். பெஞ்சில் பத்து ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க எந்தப் பெண் உள்ளே நுழைவாள்?

லாத்தா என் காதில், "வாஸ்து சரியில்லைன்னு சொல்லிப்புடு. ஒடனே திருப்பிருவான்" என்றார்.

"வேணாம் லாத்தா. மறுபடியும் சாமிய இழுக்கக் கூடாது" என்றேன். நேராகக் கொத்தனாரிடம் போனேன். "அண்ணே, வாசல் டீக்கடையப் பாத்து வேணாம். வேப்பமரத்துப் பக்கம் திருப்புங்க. முன்னால ஆள் ஒசரத்துக்கு ஒரு மறைப்புச் சொவரும் வேணும்."

"எங்கிட்டுப் பாத்தா என்னத்தா? உள்ள போயிட்டா யாரு பாக்கப் போறா?"

"உள்ள போறதப் பாப்பாகல்ல. பாத்தா நாங்க போக மாட்டோம். நாங்க போகலைன்னா, பொம்பளைக்குக் கட்டுனோம், ஒருத்தியும் வரல, வீணாப் போச்சுன்னு ஊரு சொல்லும். நாங்க பழையபடி காயணும்."

அவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். "எம்பொண்டாட்டியும் இதேதான் சொல்லுவா" என்று முணுமுணுத்துவிட்டு முளைக்குச்சியைப் பிடுங்கி வேப்பமரத்துப் பக்கம் அடித்தார்.

திறந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். தேங்காய் உடைத்தோம், லாத்தா சர்க்கரை வழங்கினார். குத்தகைக்காரர் கையில் ஒரு பெரிய பூட்டோடு வந்தார். சாவி தன்னிடம் இருக்கும், தேவைப்படும்போது வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

"சாவி குடுங்கன்னு உங்ககிட்ட வந்து கேக்கிறதுக்கா மொதலாளி இம்புட்டும் கட்டுனோம்?" என்றாள் பானைக்காரி. தலைவரம்மா அவர் கையிலிருந்து பூட்டை மரியாதையாக வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "வெளிய பூட்டு வேணாங்க. உள்ளுக்குத் தாப்பா இருக்கு, அது போதும்" என்றார்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒரே நேரத்தில் பாதிச் சந்தை எழுந்துவிட்டது. காலையிலிருந்து எல்லாரும் வேண்டுமென்றே தண்ணீரும் மோருமாகக் குடித்து வைத்திருந்தார்கள். கடைகளைப் பார்க்க ஆள் இல்லை. அங்கங்கே நின்ற புருஷன்மார், அண்ணன்மார் எல்லாரையும் பிடித்துக் கடையில் உட்கார வைத்தோம். என் வீட்டுக்காரருக்கு மிளகாய்க் கடையும் கருவாட்டுக் கடையும் சேர்ந்து கிடைத்தது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் கருவாட்டுக்கு நடுவில் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நானும் லாத்தாவும் அடுத்தடுத்த அறை. தாழ்ப்பாளைப் போட்டேன். சுண்ணாம்பு வாசம். மேலே ஒரு சதுரம் வானம். யாரும் இருமிக் காவல் காக்கவில்லை, எந்த அவசரமும் இல்லை. ஆத்தா, உனக்குக் கோடிக் கும்பிடு என்றேன். அவளை எந்த இடத்திலிருந்து கும்பிட்டாலும் அவளுக்குக் கேட்கும்.

அப்போது வெளியே என் வீட்டுக்காரர் குரல் கேட்டது. யாரோ வாங்க வந்திருக்கிறார்கள், அவருக்கு மீன் அடையாளம் தெரியவில்லை.

"ஏ லாத்தா! வாளைக் கருவாடு எந்தப் பொட்டியில இருக்கு?"

பக்கத்து அறையிலிருந்து, சுவருக்கு மேலே, சந்தை முழுக்கக் கேட்கும்படி லாத்தா கத்தினார்.

"நீலப் பொட்டியில இருக்கு மச்சான்! கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க, நான் கக்கூஸ்ல இருக்கேன்!"